அணைக்கக் கூடாத பெட்டி

லைல் ஹாக்கன் தன் கணினியைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் கணினிக் கடைக்குள் நுழைந்தான். பெட்டிக்கு மூடி இல்லை. எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது.

கலிபோர்னியாவின் சன்னிவேலில், எண்பதுகள் தொடங்கிய அந்த வருஷங்களில், மூடி போட்ட கணினி வைத்திருப்பவனை ஒருத்தனும் மதிக்க மாட்டான். உள்ளே வரிசையாக இருக்கும் இடுக்குகளில் இன்றைக்கு ஒரு சர்க்யூட் கார்டைச் செருகுவான், நாளைக்குப் பிடுங்குவான், மறுநாள் நண்பனிடம் வாங்கிய வேறொன்றைச் செருகுவான். மூடி பாவம், வீட்டில் எங்காவது கட்டிலுக்கடியில் கிடக்கும். தூசி, காபி, பூனை முடி எல்லாம் உள்ளே போகும். பிறகு என்னிடம் வருவான். என் பிழைப்பே இவர்களுடைய திறந்த மூடியில்தான் ஓடியது, அதனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அது என்னால் முடிந்ததே இல்லை.

"மூடி எங்க?" என்றேன்.

"வீட்ல. ரோ, பிரிண்டர் வேணும். கொஞ்சம் அவசரம்."

லைல் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசினால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம். கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். கெட்டிக்காரன். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவன் மனைவி நோரீன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஊரில் பேச்சு. இப்போது அவள் தன் அம்மா இருக்கும் டுலுத்துக்கே குடிபோகிறாள். ஆறு வயதுப் பெண் டெஸ்ஸாவையும் கூட்டிக்கொண்டு. கலிபோர்னியாவிலிருந்து டுலுத் என்றால் சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரமா அது?

போன விசாரணையில் நீதிபதி லைலைப் பார்த்து, மகள் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவன் எழுந்து நின்றிருக்கிறான். நின்றுகொண்டே இருந்திருக்கிறான். அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பெற்ற பெண்ணைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத மனுஷன் என்று அவர் குறித்துக்கொண்டிருப்பார். குறித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்?

வக்கீல் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பேச வராதென்றால் எழுதிக் கொடு. சான் ஹோசே நீதிமன்றத்தில் அன்றைக்கு நாலு மணிக்கு மனு வாங்கும் ஜன்னலை மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுநாள் காலை விசாரணைக்கு முன்னால் நீதிபதி படித்துவிடுவார். கொடுக்காவிட்டால் அவர் கையில் நோரீன் எழுதியது மட்டும்தான் இருக்கும். லைல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியிருந்தான். கணினியில்தான். எடிட்டர் புரோகிராமில் எழுதிப் பழகியவனுக்குப் பேனாவைத் தொட்டால் கை வராது. எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாக, கடைசியில் ஒரு வழியாக எட்டுப் பக்கம் முடித்திருந்தான். இதற்காகவே எண்பது எழுத்து கார்டு ஒன்றும் வாங்கியிருந்தான். அந்தக் கணினியில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துத்தான் தெரியும். அந்தக் கார்டைச் செருகினால் எண்பது தெரியும், காகிதத்தில் எப்படி வருமோ அப்படியே திரையில் பார்க்கலாம்.

மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். பெட்டியை இயக்கி, எடிட்டரை ஏற்றி, எழுதியதைத் திரைக்குக் கொண்டுவந்து, எங்கேயோ ஒரு கமாவை மாற்றிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் பிரிண்டரையும் அதற்கான கார்டையும் எடுத்துவந்து வைத்தேன்.

"அணைச்சுட்டுச் செருகு," என்றேன்.

"தெரியும் ரோ."

தொலைபேசி அடித்தது. திரும்பினேன். அவ்வளவுதான்.

அணைத்தால் மறுபடி எல்லாவற்றையும் ஏற்ற மூன்று நிமிஷம் ஆகுமாம். அந்த மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைச் செருகிவிட்டான். அவனைப் போன்றவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஒருத்தன் கூடச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

டப் என்று ஒரு சத்தம். ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தேன். கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. பிரிண்டர் கார்டின் ஓரத்தில் ஒரு சிப்பு வெடித்துக் கறுத்திருந்தது. டிஸ்க் டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்க, உள்ளே டிஸ்க் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாய்ந்து டிரைவின் கதவைத் திறந்து டிஸ்க்கை உருவினேன்.

"என்ன பண்ணின?"

"நூறு தடவை இப்படித்தான் செருகியிருக்கேன்..."

"இது நூத்தி ஒண்ணு. சந்தோஷமா?"

திரையில் எழுத்து அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கடைக் கணினியில் போட்டேன். கடகடவென்று பல்லைக் கடித்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. திருப்பித் திருப்பிப் போட்டும் அதே பதில். டிரைவ் சுற்றிய அந்தச் சில நொடியில் டிஸ்க் முழுக்கக் குப்பையை எழுதிவிட்டிருந்தது.

"நகல் எடுத்து வச்சிருக்கியா?"

"இருக்கு, இருக்கு," என்றான் வேகமாக.

"அப்பாடா. எங்க?"

அவன் என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தான். "அதுலயேதான். வேற பேர்ல."

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆக, அந்த எட்டுப் பக்கமும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டியின் நினைவகத்தில். கரண்ட் இருக்கும் வரை இருக்கும். அணைத்தால் போச்சு. டிஸ்க்கை எழுதும் கார்டும் செத்துவிட்டது, அதை மாற்ற வேண்டுமானால் அணைக்க வேண்டும். வேறு பிரிண்டர் கார்டு போட வேண்டுமானாலும் அணைக்க வேண்டும். எடிட்டரை விட்டு வெளியே வந்தால் அதுவே எல்லாவற்றையும் துடைத்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

"திரையைப் பாத்துத் தட்டச்சு பண்ணிடலாம்," என்றேன். "பக்கத்து ஆபீஸ்ல இமோஜீன் இருக்கா. எட்டுப் பக்கம் அவளுக்கு ஒண்ணுமே இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, திரையின் மேல் வரியில் நாலைந்து எழுத்துகள் கேள்விக்குறியாக மாறின. பிறகு அதற்கடுத்த வரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதித் திரை கோணல்மாணலாகிவிட்டது. லைல் என் தோளைப் பிடித்தான்.

எண்பது எழுத்து கார்டைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதுவும் அடி வாங்கியிருக்கிறது. எழுதியது உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அந்தக் கார்டு. அந்த எடிட்டர் அது வழியாகத்தான் திரையோடு பேசும். ஜன்னல் மூடிக்கொண்டிருந்தது.

அலமாரியில் குளிர் ஸ்ப்ரே டப்பா ஒன்று இருந்தது. சூடேறினால் கோளாறு பண்ணும் சிப்பைக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருப்பது. அடித்தால் அந்த இடம் பனி பூத்து உறைந்துபோகும். எடுத்துக் கார்டின் பெரிய சிப்பில் அடித்தேன். வெள்ளையாகப் பூத்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பி வந்தன. லைல் மூச்சு விட்டான். நான் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே.

"இமோஜீனைக் கூப்பிடு. ஓடு!"

வீட்டுப் பத்திரம் எழுதும் ஆபீசில் வேலை பார்க்கும் இமோஜீன் தன் மின்சாரத் தட்டச்சு இயந்திரத்தை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறுபதை நெருங்கும் வயது. வாயில் எப்போதும் சூயிங்கம். வரும் வழியில் டோனட் கடையிலிருந்து ஒரு கட்டு காகிதக் கைக்குட்டையும் உருவிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரு படிக்கப் போறது?" என்றாள், காகிதத்தைச் சுருட்டி ஏற்றியபடி.

எனக்கு ஒரு கையில் ஸ்ப்ரே, மறு கையில் கைக்குட்டை. உருகும் பனி சொட்டாகி அடிப்பலகையில் விழுந்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும், ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் லைலைப் பார்த்தோம்.

அவன் வெளிறிப்போனான். "நானா?"

"பின்ன, டோனட் கடைக்காரரா?" என்றாள் இமோஜீன். "வாயில என்ன கொழுக்கட்டையா? படி ராசா."

படிக்க ஆரம்பித்தான். முதல் வரியில் குரல் உடைந்தது, இரண்டாவதில் கரகரத்தது, பிறகு சீராகிவிட்டது. இமோஜீனின் விரல்கள் அவன் வாய்க்குப் பின்னாலேயே ஓடின. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை திரை குழம்பும், நான் அடிப்பேன், புஸ் என்று பனி பூக்கும், எழுத்து திரும்பும், ஒற்றி எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் எழுத்துத் திரும்ப முன்னைவிடக் கொஞ்சம் நேரம் ஆனது.

"மே மாதம் பள்ளி விழாவுக்கு நோரீன் தாமதமாக வந்தாள். அதே மாதம் பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாளை மறந்தாள். ஜூன் மாதம் குழந்தைக்கு மதிய உணவு கட்டிக் கொடுக்க மறந்தாள். நான் கேட்டபோது என்னைக் கேலி செய்தாள்..."

இப்படியே ஒரு பக்கம் போனது. இரண்டாவது பக்கமும் போனது. நோரீன் மாமியார் முன்னால் என்ன சொன்னாள், தொலைபேசியில் எந்தத் தொனியில் பேசினாள், காரை எப்படி ஓட்டுகிறாள். படிக்கப் படிக்க லைலின் காது சிவந்தது. தனியாக உட்கார்ந்து எழுதும்போது நியாயமாகத் தெரிந்தது, இரண்டு பெண்பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது வேறு மாதிரி இருந்திருக்கும். இமோஜீன் சூயிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டாள்.

டப்பாவை ஆட்டினேன். அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது.

"லைல், நிறுத்து. இன்னும் அஞ்சாறு தடவைதான் அடிக்க முடியும். மீதி அத்தனையும் வராது."

"வேகமாப் படிக்கிறேன்!"

"வேகமாப் படிச்சாலும் வராது. இதுல டெஸ்ஸா எங்க வர்றா?"

அவன் அடுத்த வரியைத் தேடுவது போலத் திரைக்குக் குனிந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். பொண்ணு எந்தப் பக்கத்துல வர்றா?"

"ஏழாவதுல," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். "ஆறு பக்கம் அவ அம்மாவப் பத்தி. ஏழாவது பக்கத்துலதான் பொண்ணா? ஜட்ஜு உங்கிட்ட என்ன கேட்டாரு?"

"முதல்ல அவ எப்படிப்பட்டவன்னு காட்டணும் ரோ. இல்லேன்னா நோரீன் பொய்யாச் சொல்லி..." நிறுத்தினான். திரையின் கீழ் ஓரம் மறுபடி உதிர ஆரம்பித்திருந்தது. அவன் கை விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. அடுத்த திரைக்குப் போகிற விசை ஒரு பக்கம், கடைசிப் பகுதிக்குத் தாவுகிற விசை இன்னொரு பக்கம். தாவினால் நடுவில் இருப்பது அத்தனையும் போனது போனதுதான், திரும்பி வர ஸ்ப்ரே இல்லை. ராத்திரி ராத்திரியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து வைத்த கணக்கு அது. விடுவதற்கு அவனுக்கு மனசு வரவில்லை, அது எனக்குப் புரிந்தது. கோபம் தணிந்து பயம் வந்தது. இவன் விட மாட்டான் என்று நினைத்தேன்.

"ராசா," என்றாள் இமோஜீன் மெதுவாக, "மணி ஆவுது."

லைல் தாவுகிற விசையை அழுத்தினான்.

நான் அடித்தேன். ஏழாவது பக்கம் வந்தது. இமோஜீன் முன்னால் அடித்த தாள்களை உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிய தாள் ஒன்றை ஏற்றினாள். யாரையும் கேட்கவில்லை.

"என் மகள் டெஸ்ஸாவுக்கு இடது கண்ணில் பார்வை மந்தம். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி ஓர் ஒட்டு ஒட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவள் அழுவாள், பிய்த்து எறிவாள். அதனால் என்னிடம் இருக்கும் நாட்களில் நானும் ஒன்று ஒட்டிக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒற்றைக் கண்ணோடு அப்பம் சுடுவோம்..."

குரல் நிற்கவில்லை. திரை குழம்பியது. அடித்தேன். பனி பாதிதான் பூத்தது. எழுத்து வந்தது.

"முதல் நாள் பாலைக் கோப்பையில் ஊற்றுவதாக நினைத்து மேஜையில் ஊற்றினேன். ஒற்றைக் கண்ணில் தூரம் தெரியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படிக்கட்டில் அவள் ஏன் என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான்..."

டப்பா புஸ் என்றது. பிறகு காற்று மட்டும் வந்தது. ஆட்டினேன், தட்டினேன், மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. எழுத்துகள் மேலிருந்து கீழாகக் கேள்விக்குறிகளாகி, கோடுகளாகி, ஒரேயடியாகத் திரை இருண்டது.

தட்டச்சு இயந்திரத்தின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"போச்சு," என்றான் லைல். "இன்னும் ஒரு பக்கத்துக்கு மேல இருக்கு. முக்கியமானதே அதுலதான். போச்சு."

"அப்புறம்?" என்றாள் இமோஜீன்.

"அதான் போச்சுங்கறேனே!"

"நான் பெட்டியக் கேக்கல. உன்னைக் கேக்கறேன். படிக்கட்டுல விரலைப் பிடிச்சுக்குவா. அப்புறம்?"

அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. நீதிமன்றத்தில் எப்படி நின்றிருப்பான் என்று எனக்கு அப்படியே தெரிந்தது. ஏதாவது சொல்லி உதவ வேண்டும் போல நாக்கு துடித்தது. அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"டுலுத்ல அவங்க பாட்டி வீட்ல நிறைய படிக்கட்டு," என்றான் கடைசியில். தொண்டையைச் செருமினான். "செங்குத்தான படிக்கட்டு. நோரீன் நல்லாத்தான் பாத்துக்குவா. அவ பாசமான அம்மாதான். ஆனா அவ வேகமா நடக்கறவ. அது... அது தப்பில்ல, அவ சுபாவம். டெஸ்ஸா இறங்கும்போது ஒரு படி முன்னால யாராவது நிக்கணும். இப்ப நான் நிக்கறேன். நான் அங்க இல்லேன்னா யாரு நிப்பாங்கன்னு எனக்குத் தெரியல. எனக்கு வேற எதுவும் கேக்க வேணாம். அவ ரெண்டு கண்ணாலயும் தூரம் பாக்கற வரைக்கும் நான் அந்தப் படியில நிக்கணும்."

எழுதி வைத்திருந்தது இதுதானா என்று நான் கேட்கவில்லை. அவன் பேச்சாகச் சொன்னதை இமோஜீன் எழுத்தாக மாற்றி அடித்துக்கொண்டே போனாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை எடுத்தால் வேகம் குறையும் என்று அப்படியே வழியவிட்டாள். கையெழுத்துப் போட்டு, தாள்களைப் பிடுங்கிக்கொண்டு, அவன் காரை நோக்கி ஓடினான். கதவு அடித்துக்கொண்டது.

பெட்டியை நான் அணைக்கவில்லை. மேலே ஒரு தாளில், தொட்டால் கை இருக்காது என்று எழுதி ஒட்டினேன். நாலு மணி ஜன்னலை எட்டினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எட்டவில்லை என்றால் அவன் மறுபடி வந்து கேட்பான், அப்போது அந்தப் பெட்டி உயிரோடு இருக்க வேண்டும். மொத்த வியாபாரியைக் கூப்பிட்டு ஸ்ப்ரே இரண்டு டப்பா உடனே அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் மதியம் வந்தான். டை கட்டியிருந்தான், அவனுக்கு அது பொருந்தவே இல்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லித் தொலைடா!"

"ஜன்னல்ல கடைசி ஆள் நான்தான். வாங்கிக்கிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்தான். "காலையில கோர்ட் நடையில வச்சு நோரீன் அதைப் படிச்சா. அவ வக்கீல் நகல் கொடுத்தாரு. நின்னுகிட்டே படிச்சா. அப்புறம் எங்கிட்ட வந்தா. நான் திட்டப் போறான்னு நினைச்சேன்."

"திட்டினாளா?"

"கண் ஒட்டை நீயும் ஒட்டிக்கிறயான்னு கேட்டா. தங்கிட்ட இருக்கறப்போ டெஸ்ஸா ஒரு நாளும் ஒட்ட விடறதில்ல, சண்டை போட்டுக் களைச்சு விட்டுடறேன்னா." மூக்கை உறிஞ்சினான். "ஜட்ஜு எங்கிட்ட ஏதாவது சொல்லணுமான்னாரு. எழுதினதுதான் சார், வேற இல்லேன்னேன். வாய்ல வந்துடுச்சு ரோ. ஜூன் வரைக்கும் யாரும் எங்கயும் போறதில்ல. டெஸ்ஸா இங்கயே பள்ளிக்கூடம் போவா. அப்புறம் மறுபடி பேசணும். நோரீனே ஒத்துக்கிட்டா."

ஜூன் வரைக்கும்தான். ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிப் புது டப்பா இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"பெட்டி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த ஆறு பக்கமும் உள்ளதான் இருக்கு. இது ரெண்டும் இருந்தா, கார்டும் ஒத்துழைச்சா, எடுத்துடலாம். ஜூன்ல திரும்பப் போகணும்ல? தேவைப்பட்டாலும் படும்."

லைல் எழுந்து பெட்டிப் பக்கம் வந்தான். என் மிரட்டல் தாளைப் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு பெட்டியின் பின்பக்கம், இடது ஓரத்தில், பார்க்காமலே கையை விட்டு ஸ்விட்சைக் கீழே தட்டினான். விசைப்பலகையில் இருந்த சின்ன விளக்கு மங்கி நின்றது.

"இப்ப கார்டைப் பிடுங்கலாமா?" என்றான்.

"இப்ப பிடுங்கு," என்றேன்.